பூட்டு உடையவில்லை, புத்தகமும் போகவில்லை, ஆனாலும் 2 நூலகங்களில் பெரும் கொள்ளை!

கம்ப்யூட்டர் கணக்கை நம்பும் முன் ஊத்துக்கோட்டை வாசகர் தெரிந்து கொள்ள வேண்டியது

ஊத்துக்கோட்டை:-

ஒரே நாள். 2 நாடுகள். 2 பெரிய நூலகங்கள்.

2023-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி, சனிக்கிழமை. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்திலும், கனடா நாட்டின் டொரண்டோ நகர நூலகத்திலும் அன்றைய தினம் கொள்ளை நடந்தது தெரிய வந்தது.

காவலாளி தாக்கப்படவில்லை. ஜன்னல் கம்பி வளைக்கப்படவில்லை. அலமாரியில் இருந்த புத்தகத்தில் ஒன்றுகூட காணாமல் போகவில்லை. ஆனாலும் அன்று முதல் மாதக்கணக்கில், வாசகர் கேட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுக்க முடியாமல் நூலகர்கள் திண்டாடினார்கள்.

பறி போனது புத்தகம் அல்ல. எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்ற கணக்கு!

இது பற்றிய விவரம் வருமாறு:-

பூரான் கும்பல்

பிரிட்டிஷ் நூலகத்தில் கைவரிசை காட்டிய கும்பலின் பெயர் ரைசிடா. அது ஒரு வகைப் பூரானின் பெயர். பூரான் படத்தைத்தான் அந்தக் கும்பல் தன் முத்திரையாக வைத்திருக்கிறது.

இந்தக் கும்பல் உள்ளே நுழைந்தது வாசல் வழியாக அல்ல. வெளிக் கம்பெனிக்காரர்கள் வீட்டில் இருந்தபடியே நூலகக் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பதற்கு என்று ஒரு வழி இருந்தது. பாஸ்வேர்டு தெரிந்தால் போதும், உள்ளே போகலாம். செல்போனுக்கு ஒரு எண் அனுப்பி, "நீதானா?" என்று இரண்டாம் முறை கேட்டுச் சரிபார்க்கும் ஏற்பாடு அந்த வழிக்கு இல்லை. கும்பல் அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று நூலகமே பின்னர் வெளியிட்ட அறிக்கையில் சொன்னது.

உள்ளே வந்தவர்கள் முதலில் பைல்களை நகல் எடுத்தார்கள். பிறகு கம்ப்யூட்டர்களுக்குப் பூட்டுப் போட்டார்கள். "20 பிட்காயின் கொடு" என்று பேரம் பேசினார்கள். அன்றைய மதிப்பில் அது சுமார் 6 லட்சம் பவுண்டு. நம் ஊர் கணக்கில் 6 கோடி ரூபாய். ஆளைக் கடத்திப் பணம் கேட்பது போல, கணக்கைக் கடத்திப் பணம் கேட்கும் இந்த வேலைக்கு "ரான்சம்வேர்" என்று பெயர்.

நூலகம் பணம் கொடுக்க மறுத்து விட்டது. ஆத்திரம் அடைந்த கும்பல், திருடிய சுமார் 5 லட்சம் பைல்களை இண்டர்நெட்டின் இருட்டுச் சந்தையில் கொட்டி விட்டது. ஊழியர், வாசகர் விவரங்களும் அதில் இருந்தன.

அந்த நூலகத்தின் நூற்பட்டியலில் 3 கோடியே 60 லட்சம் பதிவுகள் உண்டு. அது மீண்டும் வாசகர் கண்ணில் பட்டது 2024-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதிதான். அதுவும் தேடிப் பார்க்க மட்டும். யார்க்ஷயர் பகுதியில் பாஸ்டன் ஸ்பா என்ற ஊரில் அந்த நூலகத்துக்கு ஒரு பெரிய கிடங்கு இருக்கிறது. அங்கே புத்தகம் எடுப்பது மனிதர் அல்ல, எந்திரம். கணக்கு இல்லாமல் எந்திரம் எதை எடுக்கும்? புத்தகங்கள் இருந்த இடத்திலேயே சிறைப்பட்டுக் கிடந்தன.

லாரியில் தூங்கிய 10 லட்சம்

டொரண்டோவில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பதா, அழுவதா என்று தெரியாது.

அந்த நகரில் நூலகத்துக்கு 100 கிளைகள். இலங்கைத் தமிழர் பெருவாரியாக வாழும் ஊர் அது. தமிழ்ப் புத்தகங்களும் அங்கே இரவல் கிடைக்கும். அங்கே புகுந்தது வேறு கும்பல். 1998-ம் ஆண்டு முதல் அங்கு வேலை பார்த்தவர்களின் சொந்த விவரங்கள் களவு போயின. இங்கும் நூலகம் பணம் கொடுக்கவில்லை.

கிளைகளை மூடவில்லை. அதுதான் அவர்கள் செய்த நல்ல காரியம். பழைய காலம் போல எழுதி வைத்துக் கொண்டு புத்தகம் கொடுத்தார்கள். ஆனால் திரும்பி வந்த புத்தகத்தை என்ன செய்வது? "வந்து விட்டது" என்று கம்ப்யூட்டரில் பதிந்தால்தானே அலமாரியில் வைக்கலாம்! பதியாமல் வைத்தால், கணக்குப்படி அது இன்னும் வாசகர் வீட்டில் இருக்கும். அடுத்து கேட்பவருக்கு "இல்லை" என்ற பதில்தான் கிடைக்கும்.

அதனால் திரும்பி வந்த புத்தகங்களைப் பெட்டி பெட்டியாகக் கட்டி டிரெய்லர் லாரிகளில் அடுக்கினார்கள். சேர்ந்தது சுமார் 10 லட்சம்! 2024-ம் ஆண்டு பிறந்து, கம்ப்யூட்டர் உயிர் பெறும் வரை அவை லாரியிலேயே தூங்கின. எண்ணிக்கையில் இது தமிழ்நாட்டில் பல கிளை நூலகங்களை ஒன்று சேர்த்தாலும் எட்டாத கணக்கு.

ஊத்துக்கோட்டைக்கு என்ன?

லண்டன் எங்கே, டொரண்டோ எங்கே, ஆரணி ஆற்றங்கரை எங்கே என்று பஸ்சுக்கு நிற்பவர் கேட்கலாம். கேட்பது நியாயம். பதில் அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. சொத்து வரி ரசீது!

அதில் நூலக வரி என்று ஒரு தொகை இருக்கும். சொத்து வரி 100 ரூபாய் என்றால் நூலக வரி 10 ரூபாய். வீட்டுக்காரர் கட்டுகிறார், கடைக்காரர் கட்டுகிறார், வாடகையில் சேர்த்து குடியிருப்பவரும் கட்டுகிறார். 1948-ல் வந்த சென்னை பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு இது. சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்துக்கு என்று வந்த முதல் சட்டம். வசூலாகும் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது.

ஆக, எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் நூலகக் கணக்கு ஏறும்போது, அது பொது ஜனத்தின் காசில் ஏறும் கணக்கு. அந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறது என்று கேட்க, புத்தகமே எடுக்காதவருக்கும் உரிமை உண்டு.

சரி, கம்ப்யூட்டர் அங்கே என்னதான் செய்கிறது?

ஊத்துக்கோட்டைக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஆந்திராவில் கண்டலேறு அணையில் திறந்து விடும் கிருஷ்ணா நீர், தாமரைக்குப்பம் "ஜீரோ பாயிண்ட்"டில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அங்கே எவ்வளவு வந்தது என்று அளக்கிறார்கள். பூண்டிக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்றும் பார்க்கிறார்கள். அதேதான் இங்கும். புத்தகத்தின் முதுகிலோ அட்டையிலோ ஒரு பார்கோடு. உறுப்பினர் அட்டையில் ஒரு பார்கோடு. இரண்டையும் விளக்கில் காட்டினால் "இந்தப் புத்தகம், இந்த ஆளிடம், இந்தத் தேதி வரை" என்று பதிவாகும். திரும்பி வந்தால் இன்னொரு முறை விளக்கு. அவ்வளவுதான் வித்தை.

பலன் உண்டா? நிச்சயம் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடித்து வருகிறவர், தேர்வுக்குப் படிக்க ஒரு புத்தகம் தேடுகிறார் என்று வைத்துக் கொள்வோம். இன்று ஊத்துக்கோட்டையில் கேட்பார். இல்லை என்றால் திருவள்ளூருக்குப் பஸ் ஏறுவார். அங்கும் இல்லை என்றால் பெரியபாளையம், செங்குன்றம் வழியாகச் சென்னை. ஒரு நாள் சம்பளம் போச்சு! எல்லா நூலகக் கணக்கும் ஒரே இடத்தில், செல்போனில் பார்க்கும்படி இருந்தால், பஸ் ஏறும் முன்பே தெரிந்து விடும்.

வாசகர் நேரம் வீணாகக் கூடாது என்பதை நூலகத்துக்கு ஒரு விதியாகவே எழுதி வைத்தவர் நம் சீர்காழிக்காரர். எஸ்.ஆர்.ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தவர். அவருடைய ஐந்து விதிகள் புத்தகம் வந்தது 1931-ல். இன்றைய கம்ப்யூட்டரே இல்லாத காலம்!

ஒரு ஊர் கொடுத்த சீதனம்

நூலகத்துக்கான கம்ப்யூட்டர் புரோகிராம் பல உண்டு. யுனெஸ்கோ 1985 முதல் ஒன்றை இலவசமாகவே கொடுத்தது. மத்திய அரசின் என்.ஐ.சி. தயாரித்தது "இ-கிரந்தாலயா". கல்லூரிகளுக்காக "இன்பிளிப்நெட்" தயாரித்தது "சோல்". விலை கொடுத்து வாங்குவதும் நிறைய இருக்கிறது.

ஆனால் கதை என்றால் "கோஹா"வின் கதைதான்.

நியூசிலாந்தில் லெவின் என்று ஒரு சிறிய ஊர். அங்குள்ள ஹோரோவேனுவா நூலக அறக்கட்டளைக்கு 1999-ல் தலைவலி வந்தது. அவர்களிடம் இருந்த பழைய புரோகிராம் 2000-ம் ஆண்டைத் தாங்காது. "00" என்று தேதி வந்தால் குழம்பி விடும். புதிதாக வாங்கப் பெரும் பணம் வேண்டும். போதாக்குறைக்கு, கிளைகளை இணைக்கத் தனி டெலிபோன் லைனும் வேண்டும்.

அவர்கள் கதிபோ என்ற சிறு கம்பெனியைப் பிடித்தார்கள். சாதாரண டெலிபோன் லைனில், சாதாரண பிரவுசரில் ஓடும்படி ஒன்று எழுதச் சொன்னார்கள். சில மாதத்தில் எழுதி முடித்தாயிற்று. 2000-ம் ஆண்டு ஜனவரியில் ஓடவும் தொடங்கியது. பிறகு அந்த ஊர்க்காரர்கள் செய்ததுதான் அதிசயம். காசு கொடுத்து எழுத வைத்ததை, "யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம், திருத்திக் கொள்ளலாம்" என்று உலகத்துக்கே தூக்கிக் கொடுத்து விட்டார்கள். "கோஹா" என்றால் அங்குள்ள மாவோரி மக்கள் பாஷையில் சீர், அன்பளிப்பு. இன்று உலகம் எங்கும் ஆயிரக்கணக்கான நூலகங்களில் அது ஓடுகிறது. இந்தியாவிலும் ஏராளம்.

இலவசப் பொருள் என்றால் அதற்கும் வில்லன் வராமல் இருப்பானா? அந்த "கோஹா" என்ற பெயரையே தனது வியாபார முத்திரையாகப் பதிவு செய்து தரும்படி அமெரிக்கக் கம்பெனி ஒன்று நியூசிலாந்தில் மனுப் போட்டது. லெவின் நூலகத்திடம் வழக்குச் செலவுக்குப் பணம் இல்லை. 2011-ல் உலக நூலகர்களிடம் பகிரங்கமாகக் கை நீட்டினார்கள். பணம் வந்தது. 2013-ம் ஆண்டு டிசம்பரில் கம்பெனியின் மனு தள்ளுபடி! சீதனம் கொடுத்த வீட்டுக்கே பெயர் மிஞ்சியது.

இலவசம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நாளைக்கு ஒரு கம்பெனி கடையை மூடினாலும், விலையை ஏற்றினாலும், உள்ளே இருக்கும் கணக்கை வெளியே எடுத்து வேறு புரோகிராமில் ஏற்ற முடிய வேண்டும். அதற்கான பொது வடிவத்தை 1960-களிலேயே அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் வகுத்து விட்டார்கள். "மார்க்" என்று பெயர். வகுத்தவர் ஹென்றியட் அவ்ராம் என்ற பெண்மணி. அவர் நூலகப் படிப்பு படித்தவர் அல்ல. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியவர். "உங்கள் புரோகிராமில் இருந்து மார்க் வடிவில் முழுக் கணக்கும் எங்களுக்குக் கிடைக்குமா?" என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்க வேண்டும். இழுக்கிற கம்பெனியிடம் கணக்கைக் கொடுப்பது, பத்திரத்தை அடகுக் கடையில் வைப்பது போலத்தான்.

ஒரு ஊருக்கு எத்தனை பெயர்?

கொள்ளைக்காரன் வராமலேயே புத்தகம் காணாமல் போகும் வழி ஒன்று இருக்கிறது. அதைச் செய்வது எழுத்துப் பிழை.

ஊத்துக்கோட்டையையே எடுத்துக் கொள்ளுங்கள். இங்கிலீஷில் எப்படி எழுதுவது? ஒருவர் ஒரு "கே" போடுவார், இன்னொருவர் இரண்டு "கே" போடுவார். "த்"துக்கு ஒருவர் "டி.எச்.", மற்றவர் இரண்டு "டி". பஸ் போர்டில் ஒன்று, கடைப் பலகையில் ஒன்று. கண்டக்டர் எப்படி எழுதியிருந்தாலும் பஸ் ஊருக்கு வந்து சேரும். கம்ப்யூட்டருக்கு அந்தப் பொது அறிவு கிடையாது. ஒரு எழுத்து மாறினால் "அப்படி ஒன்று இல்லை" என்று அடித்துச் சொல்லி விடும்.

நூலகத்தில் அது இப்படித்தான் இருக்கும்:-

"சார், கல்கி எழுதினது ஏதாவது இருக்கா?"

"கம்ப்யூட்டர்ல ஒண்ணும் காட்டலியே தம்பி."

"அதோ, அலமாரியில தெரியுதே சார்!"

"அட, கிருஷ்ணமூர்த்தின்னு ஏத்தி வச்சிருக்காங்க."

கல்கியும் ரா.கிருஷ்ணமூர்த்தியும் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டருக்கு யாராவது ஒருவர் ஒரு முறையாவது சொல்லித் தர வேண்டும். பெயருக்கு முன்னால் இனிஷியல், பின்னால் புனைபெயர், நடுவில் ஊர் என்று வாழ்கிற தமிழ் எழுத்தாளர்கள் விஷயத்தில் இது பெரிய வேலை. எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே இடத்துக்குக் கொண்டு வந்து சேர்க்கும் பெயர்ப் பட்டியல் ஒன்று இதற்கு வேண்டும். நல்ல புரோகிராம்களில் அதற்கு இடம் இருக்கிறது. பூர்த்தி செய்ய ஆள்தான் வேண்டும். தினக்கூலிக்கு ஆள் பிடித்து, வேக வேகமாக டைப் அடித்து, "கம்ப்யூட்டர்மயம் முடிந்தது" என்று ரிப்பன் வெட்டினால், அலமாரியில் புத்தகம் இருக்கும், வாசகருக்குக் கிடைக்காது. டொரண்டோ லாரிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னொரு பழைய கோளாறும் உண்டு. முன்பு தமிழ் எழுத்துக்கு ஆளுக்கு ஒரு பாண்ட் வைத்திருந்தார்கள். ஒரு பாண்டில் அடித்ததை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால் கோழி கிளறியது போல இருக்கும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி "டாம்", "டாப்" என்று பொது முறை வந்தது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடுக்கு மாறியது. யூனிகோடில் ஏற்றினால் உலகில் எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தமிழாகவே தெரியும். எல்லை ஊருக்கு இதில் இரட்டை லாபம். ஒரே பட்டியலில் தமிழும் தெலுங்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சுருட்டப்பள்ளியில் இருந்து வருகிறவருக்கும் அவர் பாஷையில் தேட முடியும்.

நகல் எங்கே?

1981-ம் ஆண்டு மே 31-ந் தேதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். சுமார் 97 ஆயிரம் புத்தகங்கள், ஓலைச் சுவடிகள் உட்பட, எரிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அதில் இருந்தன. அவை போனது போனதுதான். 2005-ல் ஈழத்தமிழர்கள் "நூலகம்" என்ற பெயரில் இண்டர்நெட்டில் ஒரு நூலகம் தொடங்கி, கிடைத்ததை எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றி வருகிறார்கள். இங்கே தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017-ல் தமிழ் மின்னூலகத்தைத் திறந்தது. பழைய அச்சுப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் அதில் பைசா செலவில்லாமல் படிக்கலாம். ஊத்துக்கோட்டை பஸ் நிலையத்தில் நின்றபடியே செல்போனில் பார்க்கலாம்.

புத்தகத்துக்கு நகல் எப்படியோ, கணக்குக்கும் அப்படித்தான். கம்ப்யூட்டர்காரர்கள் வைத்திருக்கும் விதி இது: 3 நகல், 2 வகைப் பெட்டியில், அதில் 1 வேறு ஊரில். லைனில் தொங்கிக் கொண்டே இருக்கும் நகலைக் கும்பல் அதையும் சேர்த்துப் பூட்டி விடும். ஆகவே ஒன்றாவது கழற்றி, தனியாக, பீரோவில் இருக்க வேண்டும். அந்த நகலில் இருந்து உண்மையில் கணக்கைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது எடுத்துப் பார்க்கவும் வேண்டும். பல ஆபீசில் நகல் இருக்கும், திறந்தால் காலி.

பிரிட்டிஷ் நூலகத்தில் புத்தகக் கணக்குக்கும், ஸ்கேன் செய்தவற்றுக்கும் நகல் இருந்தது. ஆனால் அதைத் திரும்ப ஏற்றுவதற்கு ஏற்ற கம்ப்யூட்டர்கள் இல்லை. பல எந்திரங்களும் புரோகிராம்களும் பழசு. சீர் செய்ய 60 லட்சம் முதல் 70 லட்சம் பவுண்டு வரை ஆகும் என்று அப்போது செய்தி வந்தது. கும்பல் கேட்டதைப் போலப் பத்து மடங்கு! அப்படியும் பணம் கொடுக்காதது சரிதான். கொடுத்தால் அடுத்த நூலகத்துக்கு நூல் பிடித்துக் கொண்டு வருவான்.

உறுப்பினர் ஆகும்போது வாசகர் கொடுக்கும் பெயர், விலாசம், போன் நம்பர், யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்ற விவரம் எல்லாம் அதே பெட்டியில்தான் இருக்கும். தனி மனிதர் விவரங்களைப் பாதுகாக்க நாடாளுமன்றம் 2023-ம் ஆண்டு ஆகஸ்டில் தனிச் சட்டமே நிறைவேற்றி இருக்கிறது. தேவைக்கு மேல் வாங்காமல் இருப்பதே பாதிப் பாதுகாப்பு. கதைப் புத்தகம் எடுக்க வருகிறவரிடம் ஆதார் நகல் எதற்கு?

கரண்டு போனால்?

இது ஊத்துக்கோட்டைக் கேள்வி. ஆரணி ஆற்றில் வெள்ளம் வந்து, போக்குவரத்து நின்று, கரண்டும் இல்லாமல் கிடந்த நாட்கள் இங்குள்ளவர்களுக்கு மறந்திருக்காது. கணக்கு முழுவதும் எங்கோ தூரத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் என்றால், லைன் அறுந்த அன்று நூலகர் கையைக் கட்டிக் கொண்டு உட்கார வேண்டியதுதானா?

வேண்டியதில்லை. லைன் இல்லாத நேரத்தில் கொடுத்ததையும் வாங்கியதையும் தனியாகக் குறித்து வைத்து, லைன் வந்ததும் மொத்தமாக ஏற்றும் வசதி கோஹாவில் இருக்கிறது. பேட்டரியும் தீர்ந்து விட்டால் ஒரு நோட்டும் பேனாவும் போதும். தேதி, உறுப்பினர் எண், புத்தக எண் என்று 3 கட்டம். வெள்ளம் வடிந்து கரண்டு வந்ததும், அந்த நோட்டில் இருக்கும் எண்களை ஒவ்வொன்றாக அடித்து ஏற்ற வேண்டும். 100 கிளை வைத்திருக்கும் டொரண்டோவிலும் அதைத்தான் செய்தார்கள்.